லைட்டு டிம்மா கீது

வண்டியில் ஒரு கோளாறும் வரக் கூடாது என்று வேண்டிக்கொள்ளாத டிரைவர் ஊரில் கிடையாது. ஒரு கோளாறாவது இருந்துவிட வேண்டுமே என்று குலசாமியை வேண்டிக்கொண்டு மெக்கானிக் கடைக்குப் போன டிரைவர் பாஸ்கர் ஒருவனாகத்தான் இருப்பான்.

கார்த்திகை மாசம், வியாழக்கிழமை, மத்தியானம் மூன்றரை மணி. கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரம் தாவீதின் தகரக் கொட்டகை. ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலையில் அந்தப் பக்கம் தாவீதை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பேர். அந்தப் பேரை வாங்கிக் கொடுத்ததில் பாதிப் பங்கு அவன் வாய்க்கு. பாஸ்கர் காரைக் கொட்டகைக்குள் விட்டு இறங்கியபோது அவன் முகம் பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்தவன் முகமாக இருந்தது.

பாஸ்கருக்கு நாற்பத்தி மூன்று வயசு. பெரியபாளையம் பக்கத்து ஆரணிக்குக் கிட்டத்தில் ஊர். ஏழு பேர் உட்காருகிற கார் ஒன்று சொந்தமாக வைத்து, சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு ஓட்டுகிறான். காலையில் ஐந்து பொம்பளைப் பிள்ளைகளை ஊர் ஊராகப் போய் ஏற்றி வந்து கம்பெனி வாசலில் விடுவது, சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்ப ஏற்றிக்கொண்டு போய் அவரவர் வீட்டு வாசலில் இறக்குவது. ஏழு வருஷமாக இதுதான் வேலை. ஒரு கீறல் கிடையாது. "பாஸ்கர் வண்டியிலயா வர்ற? அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அந்த வீட்டுத் தாய்மார்கள் சீரியல் பார்க்கப் போய்விடுவார்கள். அந்த "அப்ப சரி"தான் அவன் சம்பாத்தியம்.

நேற்று சாயங்காலம் அது போகப் பார்த்தது.

புதுவாயல் கூட்ரோட்டில் திரும்பி இரண்டு கிலோமீட்டர் போயிருப்பார்கள். மழை விட்டு ரோடு ஈரமாக இருந்தது. முன் சீட்டில் கவிப்பிரியா. குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள். இருபத்தாறு வயசு, கையில் கார் லைசென்சும் உண்டு. அதனால் பக்கத்தில் எவன் ஓட்டினாலும் அவளுக்குக் கால் சும்மா இருக்காது, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவாள். அவள்தான் கத்தினாள்.

"அண்ணா! சைக்கிளு! சைக்கிளு!"

பாஸ்கர் ஸ்டியரிங்கை வலதுபக்கம் ஒடித்தான். எந்தச் சைக்கிள் என்று தெரியாமலே ஒடித்தான். புல்லுக்கட்டு ஏற்றிய ஒரு சைக்கிளும் அதைத் தள்ளிக்கொண்டு போன ஒரு கிழவரும் ஜன்னல் ஓரமாகப் பின்னால் போனதை, போன பிறகுதான் பார்த்தான். பின் சீட்டில் ஒருத்தி "அம்மா பவானீ" என்றாள்.

"லைட்டு டிம்மா கீதுமா" என்றான் பாஸ்கர். யாரும் கேட்காமலே அவன் வாயில் வந்துவிட்டது.

"ஆமாண்ணா, எனுக்கும் அப்பிடித்தான் தெரிஞ்சிது. நாளைக்கி மொதல் வேலையா காட்டுணா" என்றாள் கவிப்பிரியா. ஐந்து பேரும் நம்பிவிட்டார்கள். லைட்டும் உண்மையிலேயே மங்கலாகத்தான் எரிந்தது. பாஸ்கர்தான் நம்பவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தவன் விடிய விடியப் புரண்டுகொண்டே கிடந்தான்.

அவன் பயம் சைக்கிளைப் பற்றியது இல்லை. அவனுடைய நைனா முனிகிருஷ்ணனைப் பற்றியது. முனிகிருஷ்ணனுக்கு மூன்று ஏக்கர் நெல்லு. நாற்பத்தைந்து வயசில் ஒரு நாள் பொழுது சாயும் நேரம் தண்ணீர் திருப்பப் போனவர் வரப்பைவிட்டுச் சேற்றில் காலை வைத்து விழுந்தார். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அதற்கப்புறம் வீட்டில் லைட்டு போட்டால் "இன்னாடா கரண்டு, லோ வோல்டேஜா வுடறானுங்க" என்று ஈபிக்காரனைத் திட்டுவார். நாற்பது வாட் பல்பைக் கழற்றி நூறு வாட் போட்டார். டியூப் லைட்டை இரண்டு தரம் மாற்றினார். ஆறு வருஷம் கழித்து நட்ட நடு மத்தியானத்தில், டம்ளர் என்று நினைத்துத் தரையில் மோரை ஊற்றினார். சென்னை ஆஸ்பத்திரியில், இது கண்ணுக்குள் இருக்கிற நரம்பு விஷயம், பரம்பரையாக வருகிற மாலைக்கண், பிள்ளைகளையும் சோதித்துப் பார்த்துவிடுங்கள் என்றார்கள். பாஸ்கருக்கு அப்போது பத்தொன்பது வயசு. அவன் சோதித்துப் பார்க்கவில்லை. மாலைக்கண் என்ற சொல்லை அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் வாயில் எடுத்ததும் இல்லை. எடுக்காவிட்டால் வராது என்று ஒரு நம்பிக்கை.

ஆகவே அவனுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். கோளாறு வண்டியில் இருக்க வேண்டும். வண்டியில் இல்லையென்றால் வேறு எங்கே என்று அவனுக்குத் தெரியும்.

தாவீது ஏற்கெனவே ஒரு புது சுவிட்சைக் கவரோடு கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"இது எதுக்குபா?"

"நீதானேணா காலையில போன்ல சொன்ன, லைட்டு டிம்முல கீதுன்னு? பிரைட்டு வரலன்னா சுவிட்சுதான் போயிருக்கும். அதான் வாங்கியாந்து வச்சிக்கீறேன்."

டிரைவர்கள் பாஷையில் டிம் என்றால் தாழ்ந்து விழுகிற வெளிச்சம், பிரைட் என்றால் தூக்கி அடிக்கிறது. டிம்மில் நிற்கிறது என்றால் எந்த எலக்ட்ரீஷியனும் சுவிட்சைத்தான் வாங்குவான்.

"டிம்முல நிக்குதுன்னு சொல்லலபா. டிம்மா எரியுதுன்னு சொன்னேன்."

"அத்த அப்பவே வெளக்கமா சொல்றதுக்கின்னா? ஒரு பேஜாரு மிச்சம்" என்று தாவீது சுவிட்சை மூலையில் போட்டுவிட்டு பானெட்டைத் தூக்கினான்.

அடுத்த முக்கால் மணி நேரம் பாஸ்கர் பட்டபாடு அவனுக்குத்தான் தெரியும். தாவீது மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியில் வைத்தான். பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

"பேட்டரி நல்லா கீதுணா."

தாவீது இன்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். பதினாலு புள்ளி இரண்டு.

"டைனமோ சூப்பரா சார்ஜ் பண்ணுது."

"நல்லாப் பாருபா."

"மீட்டரு பொய் சொல்லுமா?" பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தான். "பெல்ட்டும் டைட்டாத்தான் கீது." பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "போன வருசம் நான் போட்டது. கருக்கவே இல்ல." லைட்டின் மேல் மூடியைத் துணியால் துடைத்தான். மஞ்சள் பிடிக்காமல் பளிங்காக இருந்தது. ஹெட்லைட்டைப் போட்டுக் கொட்டகையின் பின் சுவரில் விழுந்த வட்டத்தைப் பார்த்தான். "அப்பிடி ஒண்ணும் டிம்மா தெரிலியேணா."

ஒவ்வொரு "நல்லா கீது"வும் பாஸ்கருக்கு ஓர் அறை. வெயில் இல்லாத நேரத்திலும் அவனுக்குச் சட்டை நனைந்துவிட்டது.

"எல்லாம் சரியாத்தாங் கீதுணா," என்று தாவீது நிமிர்ந்து முதுகை நெளித்தான். "பேசாம உன் கண்ணத்தான் ஒருவாட்டி கழட்டிப் பாக்கணும் போல."

சும்மா சொன்னதுதான். தினமும் பத்துப் பேரிடம் சொல்லுகிற ரகம். பாஸ்கர் சிரிக்காமல் பக்கத்தில் கிடந்த பழைய டயரில் உட்கார்ந்துவிட்டான். தாவீது அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆனால் மீட்டரை எடுத்துப் பையில் போடப் போனவன் ஏனோ நின்றான்.

"எப்ப எப்பணா டிம்மாவுது? வைப்பரு, ஏசி எல்லாம் ஓடும்போதா?"

"மழையில... ஆமா. எல்லாம் ஓடிக்கினு இருந்திச்சி."

"எல்லாத்தையும் போடு. ஏசி, வைப்பரு, பின் கண்ணாடி ஹீட்டரு, ஒண்ணு வுடாத."

பாஸ்கர் எல்லாவற்றையும் போட்டான். சுவரில் இருந்த வட்டம் சோர்ந்து மஞ்சளானது. தாவீது மீட்டர் முனைகளை பல்புக்குப் போகிற இரண்டு ஒயர்களிலும் குத்தினான். பத்து புள்ளி எட்டு.

"இன்னாது!" என்று தாவீது துள்ளினான். "பேட்டரியில பதினாலு. பல்புக்கு வரும்போது பத்தே முக்காலு. நடுவுல எவனோ மூணு வோல்ட்டத் தின்னுறாண்ணா!"

பாஸ்கர் எழுந்து வந்து அந்த எண்ணைப் பார்த்தான். பத்து புள்ளி எட்டு. பத்து புள்ளி எட்டு. அவன் கல்யாணப் பத்திரிகையைக்கூட அவ்வளவு ஆசையாகப் படித்திருக்க மாட்டான்.

"அப்ப கோளாறு கீது?"

"கீதுணா! பயங்கரமா கீது!"

பாஸ்கருக்கு அழுகை வந்தது. புகை கண்ணில் பட்டதுபோல முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொண்டான்.

தாவீது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறு முனையைக் காரின் வெறும் பாடியிலும் வைத்தான். ஒன்றும் காட்டக் கூடாத இடத்தில் மூன்று வோல்ட் காட்டியது. "எர்த்துணா," என்றான். "கரண்டு லைட்டுக்குப் போனா மட்டும் போதாது, திரும்பி வரணும். வர்ற வழி பாடிதான். பேட்டரியிலேர்ந்து ரெண்டு எர்த்து ஒயரு. தடியா கீறது இன்ஜினுக்கு, அதுல கோளாறு இல்ல, அதனாலதான் வண்டி ஜம்முனு ஸ்டார்ட் ஆவுது. மெலிசா கீறது பாடிக்கு. அந்த வழியத்தான் எவனோ அடைச்சிக்கினு கீறான்."

மெலிசான ஒயரைத் தடவிக்கொண்டே போனான். பேட்டரி தட்டுக்குப் பக்கத்தில், பாடியில் இறங்குகிற போல்ட்டில் அது முடிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தவன் கையை வெடுக்கென்று எடுத்தான்.

"அண்ணா, இங்க சாமி கீது."

ஒயரின் முனைக்கும் பாடிக்கும் நடுவில், ஒரு கனத்த பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்த செப்புத் தகடு. மஞ்சளும் குங்குமமும் பூசி, நடுவில் துளை போட்டு, போல்ட்டில் மாட்டி அழுத்தமாக முறுக்கியிருந்தது. பெரியபாளையத்து அம்மன் கோயில் வாசலில் விற்கிற வாகனத் தகடு. பாஸ்கருக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அவன்தான் வைத்தான். கை எட்டுகிற இடத்தில் ஒரு போல்ட்டு சும்மா இருக்கிறதே, அம்மன் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று, பத்து நம்பர் ஸ்பானரை எடுத்துத் தானே முறுக்கினான்.

"இத்த எப்பணா வச்ச?"

"ஆடியில."

"அப்ப நாலு மாசமா இதான் கதை! பிளாஸ்டிக்கு வழியா கரண்டு எப்பிடிணா போவும்? போல்ட்டு மரையில தொட்டுக்கினு ஏதோ கொஞ்சம் போயினு இருந்திருக்குது." தாவீதுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் போல்ட்டைத் தளர்த்தியவன் தகட்டைத் தொடவில்லை. "எனுக்கு வேற சாமிணா. உன் அம்மன நீயே எடுத்துக்கோ."

பாஸ்கர் பேண்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு தகட்டை எடுத்தான். தாயே, கோவிச்சிக்காதே என்று டேஷ்போர்டின் மேல் வைத்தான். தாவீது உப்புத்தாளால் போல்ட்டையும் ஒயர் முனையையும் தேய்த்து, நேராக முறுக்கினான். மறுபடி எல்லாவற்றையும் போட்டார்கள். பதிமூன்று புள்ளி எட்டு. சுவரில் இருந்த வட்டம் வெள்ளைவெளேரென்று நிமிர்ந்தது.

அன்றைக்குத் தாவீதின் கொட்டகையில் இரண்டு பேருக்கு டீயும் ஆறு பஜ்ஜியும் வந்தன. பாஸ்கர் நாலு தின்றான். காலையில் வைத்த நாஷ்டாவை அவன் தொடவில்லை, மத்தியானமும் இறங்கவில்லை, இப்போது இறங்கியது. எண்ணெய்க் கையோடு பெண்டாட்டி இளமதிக்குப் போன் போட்டான்.

"இளமதி, கண்டுபுடிச்சிட்டாம்மே தாவீது. லைட்டுதான் கோளாறு. எர்த்து இல்ல."

"அப்பாடா! ராவெல்லாம் பொரண்டுக்கினு கெடந்தியே, இதுக்குத்தானா? எதனால போச்சாம்?"

"எல்லாம் நீ வாங்கியாந்த அம்மன் தகடுதான்!" என்று சிரித்தான். "அத்தக் கொண்டுபோயி எர்த்து போல்ட்டுல மாட்டிட்டேன். கரண்ட அடைச்சிக்கினு இருந்துக்கீது. நாலு மாசமா."

அந்தப் பக்கம் மிக்சி ஓடுகிற சத்தம் நின்றது.

"அதெப்பிடிய்யா? லைட்டு டிம்மா கீது, கோயிலுக்கு நடந்து போற பொம்பள மேல கண்ணாடி இடிச்சிடிச்சின்னு நீ வந்து சொன்ன அப்புறந்தானே நான் போயி அந்தத் தகட்டையே வாங்கியாந்தேன்?"

பாஸ்கர் வாயில் இருந்த பஜ்ஜி அப்படியே நின்றது.

ஆடி மாசத்தில் பெரியபாளையத்து ரோடு முழுக்க நடக்கிற ஜனம். வேப்பிலை கட்டிக்கொண்டு, மஞ்சள் சேலை உடுத்திக்கொண்டு, மேளத்தோடு. ஏழு மணிக்கு ஓர் அம்மாளின் முழங்கையை அவன் கார்க் கண்ணாடி உரசியது. கும்பல் காரைச் சுற்றிக்கொண்டது. அந்த அம்மாளே "வுடுங்க, தெரியாம பண்ணிட்டாரு" என்று விலக்கிவிட்டாள். பளிச்சென்ற மஞ்சள் சேலை. அதை அவன் பார்க்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து முதல் தடவையாகச் சொன்னான், லைட்டு டிம்மா கீது என்று. அதற்கு மறுநாள்தான் தகடு வந்தது.

"இன்னாய்யா, லைன்ல கீறியா?"

"கீறேன். வண்டிக்கி நேரமாச்சி. வச்சிடறேன்."

வைத்துவிட்டு தாவீதிடம் போனான். சும்மா கேட்பதுபோலக் கேட்டான்: "ஏம்பா, தகடு வைக்கறதுக்கு முன்னாடியே அந்த எர்த்து கொஞ்சம் வீக்கா இருந்திருக்கும் இல்ல? துரு கிரு புடிச்சி?"

"சான்சே இல்லணா," என்றான் தாவீது, தன் வேலையைச் சந்தேகப்படுகிறானோ என்ற வேகத்தில். "தகட்டுக்கு அடியில பாத்தேன், கம்பெனியில வுட்ட மாதிரி பளபளன்னு கீது. ஒரு பொட்டு துரு இல்ல. நீ மட்டும் அத்த வைக்காம இருந்திருந்தா உன் லைட்டுக்கு ஒரு கேடும் வந்திருக்காது."

பாஸ்கர் தலையை ஆட்டினான். ஆடி மாசம் அந்தச் சாயங்காலம் லைட்டில் ஒரு கோளாறும் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

மணி ஐந்தே முக்கால். அவன் அங்கேயே சாவியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. பயந்தவனுக்கு ஒரு சாக்கு எப்படியாவது கிடைத்துவிடும். ஆடியில் எதிரே பஸ் வந்தது, அதன் வெளிச்சம் கண்ணில் அடித்திருக்கும். மஞ்சள் சேலை முன்னால் வேறு யாராவது மறைத்திருப்பார்கள். இப்போதுதான் லைட்டு பிரமாதமாக இருக்கிறதே, இந்த வெளிச்சத்தில் ஓட்டிவிடலாம். இப்படியே சொல்லிக்கொண்டு சிப்காட் உள் ரோட்டில் கம்பெனி வாசல் வரை போனான். அங்கே கம்பத்துக்குக் கம்பம் விளக்கு. எல்லாம் தெரிந்தது. பார்த்தியா, தெரியுதே என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

ஐந்து பேரும் டிபன் பையோடு ஏறினார்கள். லைட்டைப் போட்டதும் கவிப்பிரியா கையைத் தட்டினாள். "ஐயய்யோ, இன்னாணா இது! கல்யாண ஊடு மாதிரி எரியுது! இன்னா பண்ண?"

"எர்த்து."

"இன்னிக்கி நான் தூங்கினே வரப் போறேன், போ."

ஹைவேயில் கவரைப்பேட்டை தாண்டும் வரை பயமில்லை. முன்னும் பின்னும் லாரிகள், கடைகள், டோல் விளக்குகள். பாஸ்கர் ஒரு லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனான். புதுவாயல் கூட்ரோட்டில் அந்த லாரி நேராகப் போய்விட்டது. இவன் வலது பக்கம் திரும்ப வேண்டும்.

திரும்பினான். இரண்டு பக்கமும் வயல். தூறல் போட ஆரம்பித்தது. விளக்குக் கம்பம் இல்லை.

லைட்டு நன்றாகத்தான் எரிந்தது. அதுதான் அவனைக் கலக்கியது. மங்கலாக எரிந்த வரைக்கும் அதன் தலையில் பழியைப் போட்டுக்கொண்டு ஓட்டினான். இப்போது நடுவில் ஒரு குழாய் அளவுக்கு ரோடு வெள்ளையாகத் தெரிந்தது. குழாயைச் சுற்றி ஒன்றும் இல்லை. வயல் இல்லை, மரம் இல்லை, ரோட்டின் ஓரம் இல்லை. இந்தக் குழாய் எப்போதிலிருந்து இருக்கிறது என்று யோசித்தான். ஒரு வருஷமாகவா? இரண்டா? நடுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு முப்பதில் போனான். கை ஸ்டியரிங்கில் வழுக்கியது. எதிரே ஒரு மினி பஸ் வந்து போனது. அது போன பிறகு நாலைந்து விநாடி முழுக்க இருட்டு. அந்த விநாடிகளில் கார் தன்னால் ஓடியது. பின்னால் ஒருத்தி நாளைக்கு என்ன குழம்பு என்று வீட்டுக்குப் போனில் பேசிக்கொண்டிருந்தாள். இவர்களைக் கொன்றுவிடுவேன் என்று பாஸ்கர் நினைத்தான். அப்படியே, அந்தச் சொல்லிலேயே நினைத்தான்.

"அண்ணா, ஸ்லோ பண்ணு," என்றாள் கவிப்பிரியா, தூங்காமல். "போர்டு வச்சிக்கீறாங்க பாரு."

"எந்த போர்டு?"

"இதோணா! செவப்பு போர்டு, ஆளு ஒசரத்துக்கு. காலையில இது இல்ல. பாலம் வேலை நடக்குதாம், ஒரு பக்கந்தான் வழி."

பாஸ்கர் குழாய்க்குள் தேடினான். வெறும் ரோடு. பிரேக்கை மிதித்தான். கார் நின்றது. கழுத்தை முழுக்க இடதுபுறம் திருப்பிய பிறகுதான், பானெட்டுக்கு ஒரு கை தூரத்தில், அவன் தாவீதிடம் சரிபண்ணி வாங்கிய அதே வெளிச்சத்தில், ஒரு ஆள் உயரச் சிவப்புப் பலகை நிற்பது தெரிந்தது. எழுத்துக்கள் மின்னின. அதற்கு அந்தப் பக்கம் தோண்டிய பள்ளம்.

போனில் பேசியவள் போனை இறக்கினாள்.

"இன்னாணா," என்றாள் கவிப்பிரியா மெதுவாக. "திரும்ப டிம்மாவுதா?"

பதிலை அவளே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள். ஆமா என்றால் போதும். மெதுவாக ஓட்டி எப்படியாவது வீடு சேர்த்துவிடலாம். நாளைக்கு தாவீதைத் திட்டலாம், ஒயர் மாற்றலாம், பல்பு மாற்றலாம், இன்னும் பெரிய பல்பு போடலாம். ஐந்து பேரும் நம்புவார்கள். அவன் பொய் சொல்லுவான் என்று அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. இல்லை என்றால் நாளையிலிருந்து என்ன செய்வான், யாரிடம் போய் நிற்பான், எதுவும் தெரியவில்லை. அவனுக்கு வேறு வேலை தெரியாது.

"இல்லமா," என்றான். "லைட்டு நல்லாத்தான் எரியுது."

"அப்பறம்?"

"எனுக்குத்தான் தெரியல. எங்க நைனாவுக்கு வந்த அதே மாலைக்கண்ணு. ஆடியிலேர்ந்தே தெரியலமா. லைட்டு மேல பழி போட்டு உங்களையெல்லாம் ஏத்திக்கினு போயிக்கினு இருந்தேன்."

சொல்லி முடித்ததும் அழுதான். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. அவர்கள் நாலு மாசத்துச் சாயங்காலங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பின் சீட்டில் ஒருத்தி "அடப்பாவி" என்றாள். அது அவனுக்குக் கேட்டது. கேட்க வேண்டியதுதான் என்று நினைத்தான்.

கவிப்பிரியா சீட் பெல்ட்டைக் கழற்றினாள். "எறங்குணா. நான் ஓட்டறேன்" என்றாள். அவள் சீட்டிலிருந்தபடியே கியரைத் தாண்டி இந்தப் பக்கம் நகர, பாஸ்கர் கதவைத் திறந்து இறங்கினான்.

காருக்கு முன்னால் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போக வேண்டும். ஹெட்லைட்டுக்குக் குறுக்கே நடந்தபோது தூறலில் நனைந்த அவன் முகமும் சட்டையும் உள்ளே இருந்த ஐந்து பேருக்கும் பட்டப்பகலாகத் தெரிந்தன. அவனுக்கு அவர்கள் தெரியவில்லை. வெளிச்சத்தைத் தாண்டியதும் எல்லாம் கறுப்பு. பானெட்டைத் தடவிக்கொண்டு வந்த கை சட்டென்று காற்றில் போனது. கார் எந்தப் பக்கம், பள்ளம் எந்தப் பக்கம் என்று புரியாமல் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

பின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "அடப்பாவி" என்றவளின் குரல்தான்.

"அண்ணா, அங்கியே நில்லு. அந்தப் பக்கம் காலு வைக்காத, பள்ளம் கீது. ரெண்டடி இப்பிடி வா."

பாஸ்கர் குரல் வந்த பக்கம் இரண்டடி வைத்தான்.